முள் தெண்டனிட்ட மோட்டார் சைக்கிள்

ஸ்ரீரங்கம்,
தாது வருஷம், தை மாதம்.

அகண்டகாவேரி வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு,

ஸ்ரீரங்கம் பராசரன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அச்சாபீஸும் க்ஷேமமாயிருக்க வேண்டும். இவ்விடம் நான், என் சித்தப்பா வக்கீல் சக்ரபாணி, சித்தி வேதவதி, சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் எல்லோரும் சௌக்கியம். சௌக்கியமில்லாதவர் ஒருவர்தான். அவர் பெயர் வீரமலை. சித்தப்பாவின் ஜீயபுரம் வாழைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். வண்டி வந்த நாளிலிருந்து அதைத் துடைக்கவும் தள்ளவும் இங்கேயும் வந்துகொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர் ஆனதால் 'அவர்' என்று எழுதுகிறேன். அச்சுக் கோக்கிறவர் கைப்பழக்கத்தில் 'அவன்' என்று ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவும். அவருக்கு இப்போது வேலை போய்விட்டது. போனதற்குக் காரணம் தங்கள் பத்திரிகை வெளியிட்ட ஒரு செய்தி. அதைத் தாங்களே திருத்தி வெளியிட்டால் வேலை திரும்பக் கிடைக்கும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

'நம்பெருமாள் எழுந்தருளும் சமயம் ஸ்ரீரங்கம் வக்கீல் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் உள்ள முள்ளானது தானாகவே சாய்ந்து தெண்டன் சமர்ப்பிப்பதைக் கண்டு ஆஸ்திகர்கள் மெய்சிலிர்க்கிறார்கள்' என்று 'எமது நிருபர்' எழுதியிருந்தாரே, அந்தச் செய்திதான்; முள் பெருமாளை விழுந்து சேவிக்கிறதாம். எமது நிருபர் யாரென்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டு ராஜகோபாலன், சிரஸ்தாராக இருந்து ரிட்டயரானவர். உத்தியோக காலம் முழுவதும் பிறருடைய மனுக்களின் மேல் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிய கை அது. இப்போது எதையும் பார்வையிடாமலே எழுதுகிறது.

வண்டி சீமைக்குத் திரும்பிப்போன ஒரு ரயில்வே துரையிடமிருந்து சித்தப்பா வாங்கியது. சித்தப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. பி.ஏ. பாஸ் செய்துவிட்டு உத்தியோகமில்லாமல் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எனக்கு ஓட்டத் தெரியும் என்று அவரே தீர்மானித்தார். வண்டியின் பக்கவாட்டில் ஒரு தொட்டி ஒட்டியிருக்கிறது, சைடுகார் என்பார்கள். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கேஸ் கட்டு, குடை சகிதம் சித்தப்பா அதில் இறங்கினால் ஊறுகாய் ஜாடியில் மாங்காய் மாதிரி, மேலே கொஞ்சமும் உள்ளே மிச்சமுமாக இருப்பார். காலையில் காவேரிப் பாலம் தாண்டித் திருச்சி கோர்ட்டு, சாயங்காலம் திரும்பி ஸ்ரீரங்கம். பெட்ரோல் டாங்கியின் மேல் சின்னக் கடிகாரம் ஒன்று பதித்திருக்கிறது. அது மணி காட்டாது. இன்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்று காட்டும். இன்ஜினை நிறுத்திவிட்டால் முள் பூஜ்யத்தில் படுத்திருக்கும், வண்டி ஓடினால் நிமிர்ந்து நிற்கும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

தை உற்சவம் ஆரம்பித்த சாயங்காலம், கோர்ட்டிலிருந்து ஒரே வேகமாக வந்து எங்கள் வீதிக்குள் திரும்பினால், எதிரே புறப்பாடு. பெருமாள் எழுந்தருளும்போது வண்டியில் உட்கார்ந்திருக்கக் கூடாதென்பது வழக்கம், எங்கள் வாசலிலேயே நிறுத்தி இருவரும் இறங்கினோம். ஆனால் இன்ஜினை நான் நிறுத்தவில்லை. சூடான இன்ஜினை நிறுத்தினால் மறுபடி உதைத்துக் கிளப்புவதற்குள் என் முழங்கால் கழன்றுவிடும். ஒருதரம் அது திருப்பி உதைத்து நான் சைடுகாருக்குள் சித்தப்பாவின் மடியில் போய் விழுந்திருக்கிறேன். ஆகவே இன்ஜின் நின்ற இடத்திலேயே தடக், தடக் என்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. முள் மெல்ல மெல்லச் சாய்ந்து, பூஜ்யத்துக்கு ஒரு நூலிழை மேலே வந்து படுத்துக்கொண்டது. ஆயில் ஓடவில்லை, இன்ஜின் தொலைந்தது, சித்தப்பா என்னை உரிக்கப்போகிறார் என்று நிற்கிறேன். கற்பூரத் தட்டுடன் வாசலுக்கு வந்த சித்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா! இங்கே வந்து பாருங்கோளேன்! முள் தெண்டன் சமர்ப்பிக்கறது!"

"என்னடி உளர்றே?"

"நானா உளர்றேன்? நெட்டுக்குத்தா நின்னுண்டிருந்தது. பெருமாள் வந்ததும் படுத்துண்டுடுத்து. ஒரு ஜடத்துக்கு இருக்கற பக்தி இந்தாத்துல சில மனுஷாளுக்கு இல்லே."

கடைசி வாக்கியம் எனக்கு. புறப்பாடு தாண்டியதும் ஏறி உட்கார்ந்து முறுக்கினேன். முள் எழுந்து நின்றது. "பார்த்தேளா, சேவிச்சுட்டு எழுந்துண்டுடுத்து!" என்றாள் சித்தி. மறுநாள் சாயங்காலமும் படுத்தது. அதற்கு மறுநாளும் படுத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? டாங்கியின் மேல் துளசி மாலை. வண்டி நிற்கிற இடத்தில் கோலம். ஹெட்லைட்டுக்குத் திருமண் இடவேண்டும் என்றார் ஒருவர். தென்கலையா, வடகலையா என்றார் இன்னொருவர். அந்தத் தகராறில் எத்தனையோ கேஸ் நடத்திப் பழகிய சித்தப்பா, ஹெட்லைட்டுக்கு ஒன்றும் சைடுகார் விளக்குக்கு மற்றொன்றுமாக ராஜி செய்துவைத்தார். அன்று முதல் எங்கள் வண்டியின் இரண்டு விளக்குகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

எனக்குப் பக்தியைவிடப் பயம் அதிகம். பாலக்கரைக்குப் போய் மெக்கானிக் பரக்கத் அலியிடம் கேட்டேன்.

"வண்டி ஓடுதா தம்பி?"

"ஓடுது பாய்."

"அப்ப முள்ளை எதுக்குப் பாக்குறீங்க? ரோட்டைப் பாருங்க."

"நின்னா முள் எறங்கிடுதே?"

"எறங்குனா என்ன, இறங்கி ஓடியா போயிருச்சு? அங்கனயேதான கெடக்கு! சரி, கெட்டியான ஆயிலா ஊத்திடுறேன். இன்ஷா அல்லாஹ், கம்பமா நிக்கும்."

ஊற்றினார். அன்று சாயங்காலம் வண்டி விட்ட புகையில் நாகஸ்வரக்காரர் கல்யாணியின் நடுவில் இருமினார், தவில்காரர் அதற்கும் தாளம் போட்டார், முள் ஒரு நெல்லளவு தயங்கிவிட்டு வழக்கம்போலப் படுத்துக்கொண்டது. "இன்னிக்குத் தூபமும் சேர்த்து சமர்ப்பிச்சிருக்கு" என்றார் ராஜகோபாலன். அதையும் தங்களுக்கு எழுதினார். நல்லவேளை, தாங்கள் அதைப் போடவில்லை.

செய்தி வெளிவந்த மறுநாள்தான் விபரீதம். ராஜகோபாலனுடைய சம்பந்தி பத்திரிகையைப் படித்துவிட்டுக் கும்பகோணத்திலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். அன்றே திரும்பவேண்டுமாம், சாயங்காலம் வரை இருக்க முடியாதாம். "காலைப் புறப்பாட்டிலேயே காட்டிட்டாப் போச்சு" என்றார் ராஜகோபாலன். அதுவரை நாங்கள் சாயங்காலப் புறப்பாட்டைத்தான் எதிர்கொண்டிருக்கிறோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தைப் பனியில் இரவெல்லாம் கொல்லைக் கொட்டகையில் கிடந்த வண்டி எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. வீரமலை கொல்லைச் சந்து வழியாக அதை வீதி முனைவரை தள்ளிக் கொடுத்தார். முனைக்கு இந்தப் பக்கம் அவர் வரக்கூடாது. சர்க்கார் சட்டத்தில் அப்படி இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. முனையில் வண்டி உறுமிக் கிளம்பியது. நாலு வீடு தள்ளிக் கோலத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தினேன். பெருமாள் எழுந்தருளினார். முள் ஈட்டி மாதிரி நின்றது.

"இதோ, இப்போ சாயும் பாருங்கோ" என்றார் ராஜகோபாலன்.

"சாயலையே?"

"சித்தே பொறுங்கோ."

"பெருமாளே அடுத்த வீட்டுக்குப் போயிட்டார் ஸ்வாமி. எங்காத்துலயும் ஒரு கடிகாரம் இப்படித்தான் அசையாம நிக்கறது. நாங்க அதைப் பத்திரிகையில போட்டுக்கறதில்லே."

சம்பந்தி வாயால் இப்படிக் கேட்ட மனிதருக்கு உலகத்தில் ஒரு குற்றவாளி வேண்டும். ராஜகோபாலன் திரும்பி, "காலம்பற வண்டியை யார் தொட்டா?" என்றார். முனையில் வீரமலை நின்றுகொண்டிருந்தார்.

"அவன் தள்ளினானோல்லியோ, அதான்!"

"தினமும் அவர்தானே தொடைக்கிறார்? நேத்து சாயங்காலம் படுத்த முள்ளை நேத்துக் காலம்பற தொடைச்சதும் அவர்தானே?" என்றேன்.

"தொடைக்கறது வேறே, தள்றது வேறே."

இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். வண்டியைச் செய்தவன் மாடு தின்கிறவன். சித்தப்பா உட்கார்கிற மெத்தை மாட்டுத்தோல். அதன் மேல் துளசி மாலை போடலாம், திருமண் இடலாம். தள்ளுகிற மனுஷன் கை பட்டால் மட்டும் தீட்டா? இதை வீதியில் நின்று உரக்கவே கேட்டேன். சித்தி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சாட்சியமில்லாமல் ஒருவனைத் தண்டிக்கக்கூடாதென்று கோர்ட்டில் மேஜையைத் தட்டுகிற சித்தப்பா, "அவன் இனிமே இங்கே வரவேண்டாம். தோட்டத்துக்கும் வேறே ஆள் பார்த்துக்கலாம்" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அதை வீரமலையிடம் போய்ச் சொல்லும் பெருமை எனக்குக் கிடைத்தது. சந்து முனையில் சொன்னேன். தோளில் கிடந்த வண்டி துடைக்கும் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஏன் சின்னசாமி, படுத்துக் கெடக்குற முள்ளு நான் தொட்டா எந்திரிக்குதுன்னா, அது நல்ல கைதானே? டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்போல."

"நான் சித்தப்பாகிட்ட மறுபடி பேசறேன்."

"பேசுங்க. வீட்டுல நான் என்னன்னு சொல்ல? முள்ளு படுக்கல, அதனால வேலை போச்சுன்னா, அவ முதல்ல சிரிப்பா. அப்பறந்தான் பானையைப் பாப்பா."

மறுநாள் குளிப்பதற்கு முன் தலைக்குத் தேய்க்கத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. பனியில் உறைந்து கிடந்தது. "அடுப்போரம் வைடா அசடே" என்றாள் சித்தி. வைத்தேன். உருகி, கவிழ்ப்பதற்கு முன்பே கை வழியாக ஓடியது. ஆசிரியர் அவர்களே, நான் தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாகக் கொட்டகைக்கு ஓடினேன். வண்டிக்குள் இருப்பதும் எண்ணெய்தானே! இன்ஜின் சுற்றச் சுற்ற ஒரு பம்பு ஆயிலை உள்ளே தள்ளுகிறது. சூடேறினால் ஆயில் நீர்த்துப்போய் இடுக்குகள் வழியாகச் சுலபமாக வழிந்துவிடும். முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவைத் திறந்துவிட்டால் காவேரியில் மட்டம் இறங்குகிறதே, அதுபோல. அந்தச் சமயம் இன்ஜினும் மெதுவாக ஓடினால் பம்பு தள்ளுவதும் குறைச்சல். முள் படுக்காமல் என்ன செய்யும்? குளிர்ந்த ஆயிலோ கெட்டி. வெளியேற வழி கிடைக்காமல் முட்டிக்கொண்டு நிற்கும். இன்ஜின் மெதுவாக ஓடினாலும் முள் நிமிர்ந்தே இருக்கும். சாயங்காலம் கோர்ட்டிலிருந்து சூடாக வருகிறோம், படுக்கிறது. காலையில் கொட்டகையிலிருந்து குளிர்ச்சியாக வந்தது, நின்றது. பக்தியும் இல்லை, தீட்டும் இல்லை, இன்ஜினுக்குக் கெடுதலும் இல்லை.

நினைத்தால் போதுமா, பார்க்கவேண்டாமா? சித்தப்பா கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தபோது அவருடைய பெட்ரோலை நான் தாராளமாகச் செலவழித்தேன். திருச்சியை ஒரு சுற்றுச் சுற்றி, சூடான வண்டியைப் பாலக்கரைப் பள்ளிவாசல் முன்னால் நிறுத்தி மெதுவாக ஓடவிட்டேன். முள் படுத்தது. "சஜ்தா பண்ணுது தம்பி, தலையைத் தரையில வெச்சுத் தொழுவுது!" என்று பரக்கத் அலி கண் கலங்கினார். மாதா கோயில் வாசலில் நிறுத்தினேன். படுத்தது. மெழுகுவத்தி விற்கும் அற்புதசாமி எழுந்து வந்து, "எங்க மாதாவுக்கும் வணங்குதே, பேப்பருக்கு எழுதிப் போடலாங்களா?" என்றார், கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். கள்ளுக்கடை முன்னால் படுத்தது. போலீஸ் ஸ்டேஷன் முன்னால் படுத்தது. அங்கே யார்தான் நிமிர்ந்து நிற்பார்கள்? கடைசியாக, உறையூர் போகிற ரோட்டில் வழியை மறித்து நின்ற ஒரு கழுதைக்கு முன்னால் நிறுத்தினேன். எந்தச் சன்னிதியிலும் இல்லாத உருக்கத்தோடு படுத்தது. கழுதை பெரிதுபடுத்தவில்லை. சோதனை செய்த இடங்களில் விவேகம் இருந்தது அங்கேதான்.

அன்று இரண்டு பெரியவர்களையும் உட்கார்த்தி இதையெல்லாம் விளக்கினேன். நம்பாவிட்டால் வீரமலையையே கூப்பிட்டுச் சூடான வண்டியைத் தொடச் சொல்லலாம், முள் படுக்கிறதா இல்லையா பாருங்கள் என்றேன். "வீதிக்குள்ளேயா?" என்றார் ராஜகோபாலன். அதோடு அந்தச் சோதனை முடிந்தது. பிறகு அவர் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"எண்ணெய் சூடானா சாயும்கறே. அதைச் சூடாக்கறது யாரு?"

"இன்ஜின்."

"இன்ஜினுக்குள்ளே?"

"நெருப்பு."

"அந்த நெருப்புக்குள்ளே இருக்கறது யாரு?"

சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் தோற்றேன். கடைசியில் சித்தப்பா ஒரு ராஜி சொன்னார்: "பத்திரிகையில வந்துடுத்து, நாலு பேர் படிச்சாச்சு. அதே பத்திரிகையில, முள் சாயறது உஷ்ணத்தாலே, தொட்டதாலே ஒண்ணும் இல்லேன்னு திருத்தம் வரட்டும். வீரமலையை அன்னிக்கே சேர்த்துக்கறேன்." ராஜகோபாலனும் தலையாட்டினார். அச்சில் வந்ததை மறுக்க அவருக்குத் தைரியம் கிடையாது, தாமே எழுதினதாக இருந்தாலும்.

ஆகவே தாங்கள் தயைகூர்ந்து இக்கடிதத்தை அடுத்த இதழிலேயே முழுதும் பிரசுரிக்க வேண்டும். இடமில்லாவிட்டால் நாகஸ்வரக்காரர் இருமியதை எடுத்துவிடலாம், தேங்காயெண்ணெயை எடுக்கக்கூடாது. வீரமலையின் பானை தங்கள் கையில் இருக்கிறது. தங்கள் அச்சு யந்திரத்துக்கும் ஆயில் குறையாமல் இருக்கவும், தங்கள் நிருபர்கள் இனிமேலாவது பார்த்துவிட்டு எழுதவும், எல்லாம் வல்லவர் யாரோ அவர் அருளட்டும்.

இப்படிக்கு,
உண்மையைத் தவிர வேறு உத்தியோகம் இல்லாத,
பராசரன்.

பி.கு.: உறையில் தபால் தலை ஒட்டி, மேலே எழுதியதை அதற்குள் வைத்து, சாயங்காலம் தபாலில் சேர்க்கலாமென்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். திரும்பும்போது வீதி முனையில் வண்டி இரண்டு தரம் விக்கி, நின்றுவிட்டது. பெட்ரோல் இல்லை. பள்ளிவாசலும் மாதா கோயிலும் கள்ளுக்கடையும் கழுதையும் குடித்துவிட்டன. எங்களுக்குப் பின்னால் புறப்பாடு வந்துகொண்டிருக்கிறது. வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறோம். சித்தப்பா இறங்கி, "யாராவது ஒரு கை கொடுங்கோளேன்" என்றார். ராஜகோபாலன் தாம் மடியாயிருப்பதாகச் சொன்னார். உடனே வீதியில் எல்லோரும் மடியானார்கள். நான் தனியாகத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. வேலையைத் திரும்பக் கேட்கலாமென்று வந்து சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார் வீரமலை. சித்தப்பா பின்னால் வரும் பெருமாளைப் பார்த்தார், முனையைப் பார்த்தார், "டேய் வீரமலை, தள்ளுடா!" என்று கத்தினார்.

வீரமலை தள்ளினார். மேளத்துக்கு முன்னால், வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். இன்ஜின் ஓடவில்லை, முள் பூஜ்யத்தில் கிடந்தது. சித்தி வாசலிலிருந்து குனிந்து பார்த்தாள். "ஏன்னா! இத்தனை நாள் ஒரு நூலிழை பாக்கி இருந்ததே, இன்னிக்கு அதுவும் போச்சு! சாஷ்டாங்கமா விழுந்துடுத்து!" என்றாள். "பூர்ண சரணாகதி!" என்றார் ராஜகோபாலன். இன்ஜின் நின்றுபோயிருக்கிறது, பெட்ரோல் இல்லை என்று நான் கத்தியது தவிலில் அமுங்கிவிட்டது. ராஜகோபாலனைப் பிடித்து நிறுத்தி, "அன்னிக்கு வீரமலை கை பட்டுத்தான் கெட்டுதுன்னேளே?" என்று கேட்டேன். முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல், "அன்னிக்கே சொன்னேனே! தொடைக்கறது வேறே, தள்றது வேறே" என்றார்.

வீரமலைக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. பகலில் ஜீயபுரம் தோட்டம்; உற்சவ நாட்களில் சாயங்காலம் இங்கே வந்து வண்டியைப் புறப்பாட்டுக்கு முன்னால் தள்ளிப் போகவேண்டும். தள்ளும்போது வீதி வழியாகப் போகலாம். திரும்பும்போது சந்து வழியாகத்தான். கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டு என் பையைப் பார்த்தார்.

"சின்னசாமி, பேப்பருக்கு எழுதுனீங்களே, அந்தக் காயிதம் போயிருச்சா?"

"இன்னும் இல்லை."

"போட்டுறாதீங்க. பெட்ரோலும் ஊத்திறாதீங்க."

தபால் தலை ஒட்டியாகிவிட்டபடியால் அனுப்புகிறேன். தயவுசெய்து இதில் ஒரு வரியும் பிரசுரிக்க வேண்டாம். வண்டியில் இத்தனை குதிரைச் சக்தி என்று துரை விட்டுப்போன காகிதத்தில் போட்டிருக்கிறது. இப்போது அது ஓர் ஆள் சக்தியில் ஓடுகிறது. வீதிக் கோடியில் வண்டியை விட்டுவிட்டு வீரமலை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது நான் பழக்கதோஷத்தில் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஒன்றும் காட்டவில்லை.